பள்ளத்தில் ஆள் இறங்குமுன்: டர்பன் பக்கத்தில் மண் தோண்டும் வேலைக்கு ஒரு கையேடு

ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.7 டன் எடை இருக்கும். மழையில் ஊறினால் 2 டன்னைத் தொடும். கட்டட வேலைக்கு நாம் ஓட்டும் ‘பாக்கி’ (bakkie) எனும் சிறு சரக்கு வண்டி தாங்குவது ஏறக்குறைய 1 டன். 2 மீட்டர் ஆழப் பள்ளம் ஒன்றில், விளிம்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிலத்தில் விரிசல் விட்டு அந்த ஆப்பு மண் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கன மீட்டர் மண் உள்ளே விழும். மேலிருந்து அடிமட்டத்துக்கு வர முக்கால் வினாடிகூட ஆகாது. குனிந்து குழாய் பொருத்திக்கொண்டிருப்பவர் நிமிர்வதற்கே அந்த நேரம் போதாது.

தலை முழுக மூடினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மார்பு வரை புதைந்தவரும் மூச்சுத் திணறி இறக்கிறார். அவர் மூச்சை விடும்போது மார்பு சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் மண் இறங்கி நெருக்குகிறது. அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடம் கிடைப்பதில்லை. மூச்சு நின்று 4 முதல் 6 நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். அத்தனை சீக்கிரம் எந்த மீட்புப் படையும் டர்பனின் சாட்ஸ்வொர்த் சந்துக்குள் வந்து சேராது. ஆகவே செய்ய வேண்டியது பெரும்பாலும் ஆள் இறங்குவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியது. இந்தக் கையேட்டின் பெரும் பகுதியும் அதைப் பற்றித்தான்.

மண்ணைப் படிப்பது

டர்பனில் மண் தோண்டுகிறவர் முதலில் பயப்பட வேண்டியது பெரியா சிவப்பு மணலைப் பார்த்து. பெரியா மேட்டிலும் கடற்கரையை ஒட்டி வடக்கிலும் தெற்கிலும் கிடைக்கும் இந்த மணல், பழைய மணற்குன்றுகள் காலப்போக்கில் சிதைந்து உருவானது. மணல் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் களியும் இரும்புத் துருவும் பசைபோல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காய்ந்திருக்கும்போது கடப்பாரையால் குத்தினாலும் விடாது. செங்குத்தாக வெட்டினால் சுவர்போல அழகாக நிற்கும். அந்த அழகை நம்பித்தான் ஆட்களை இறக்குகிறார்கள். தண்ணீர் பட்டதும் பசை விடுகிறது, நின்ற சுவர் ஒரேயடியாக உட்கார்ந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். பள்ளத்தின் சுவரிலிருந்து எலுமிச்சை அளவு கட்டி ஒன்றை உடையாமல் பெயர்த்தெடுங்கள். அதை டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். நல்ல களிமண் கட்டி வெகுநேரம் அப்படியே கிடக்கும். சிவப்பு மணல் கட்டியில் உடனே சிறு குமிழிகள் கிளம்பும், ஓரங்கள் உதிரும், சில நிமிடத்தில் டம்ளரின் அடியில் மணலாகப் படுத்துவிடும். குழாய் ஒன்று உடைந்தாலோ இரவு மழை பெய்தாலோ உங்கள் பள்ளத்தின் சுவரும் இதையேதான் செய்யப்போகிறது. வேலையாட்கள் எல்லோரும் நிற்கும்போது இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைவிட இது மனதில் நிற்கும்.

புதிதாக வெட்டிய கட்டியில் கட்டை விரலை அழுத்திப் பாருங்கள். முழுப் பலத்தோடு அழுத்தினால்தான் தடம் விழுகிறது என்றால் இறுக்கமான மண். விரல் சுலபமாக உள்ளே போகிறது என்றால் அது நிற்காத மண், மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. ஈரமான மண்ணை உள்ளங்கையில் உருட்டி 3 மி.மீ. கனத்தில் திரியாக்குங்கள்; 5 செ.மீ. நீளத் திரியை ஒரு முனையில் பிடித்துத் தூக்கும்போது அறுந்து விழாவிட்டால் களி போதுமான அளவு இருக்கிறது. இந்தச் சோதனைகள் மண் மோசம் என்று சொன்னால் அப்படியே நம்பலாம். நன்று என்று சொன்னால் அதை மட்டும் வைத்து ஆளை இறக்கக் கூடாது. கட்டியில் தெரியாத விரிசலும் ஊற்றும் சுவரில் இருக்கலாம்.

துறைமுகத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே பள்ளத்தின் அடி கொதிப்பதுபோல மணலும் நீரும் பொங்கும், சுவரின் அடிப்பாகம் கரைந்து மேல்பாகம் அந்தரத்தில் நிற்கும். நீரை வெளியேற்றாமல் தோண்டக் கூடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து ஷேல் பாறை வேறு வகை. அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குகள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஈரம் பட்டதும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி முழுப் பலகையாக இறங்கும். பாறைதானே என்ற தைரியம் அங்கே உதவாது.

எல்லாவற்றையும்விட மோசமானது ஏற்கெனவே ஒருமுறை தோண்டி மூடிய மண். நம் வீட்டு மனைகளில் பாதி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்தவை. வீட்டின் முன்பக்கம் இயற்கை மண்ணாகவும் பின்பக்கம் கொட்டிய மண்ணாகவும் இருக்கலாம். பழைய கழிவுநீர்க் குழாய்க்கு இணையாகப் புதுக் குழாய் போடும்போது இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் மெல்லிய மண் சுவர் எந்த நேரமும் விழும். வெட்டிய சுவரில் செங்கல் துண்டு, பிளாஸ்டிக், நிறம் மாறும் கோடு எது தெரிந்தாலும் அது கொட்டிய மண்.

சட்டம் எங்கே நிற்கிறது

தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளில் 13ஆம் விதி தோண்டும் வேலைக்கானது. இத்தனை மீட்டர் ஆழம் வரை பயமில்லை என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. முட்டுக்கொடுக்காத பள்ளத்தில் யாரையும் வேலை செய்ய விடக்கூடாது என்பதுதான் பொது நிலை. விலக்கு இரண்டே: பக்கங்களை மண் தானாக நிற்கும் சாய்வுக்குச் சரித்து வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண் உறுதியானது என்று, எழுத்தில் நியமிக்கப்பட்ட தகுதியுள்ள மேற்பார்வையாளர் இடத்தைப் பார்த்து எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பதிவு பெற்ற இன்ஜினியர் அல்லது டெக்னாலஜிஸ்ட் சொல்வதே முடிவு. ‘1.5 மீட்டர் வரை பரவாயில்லை’ என்ற பேச்சை நம்பி இருக்காதீர்கள். 1.2 மீட்டர் பள்ளத்தில் மண்டியிட்டு வேலை செய்கிறவரின் தலை விளிம்புக்குக் கீழேதான் இருக்கிறது.

‘நம் சொந்த வீடு, ஒரு மாடிகூட இல்லை, நமக்கு இது பொருந்தாது’ என்பதும் தவறு. தானே குடியிருக்கப்போகும் ஒற்றைத் தள வீட்டுக்கு 3, 5ஆம் விதிகளிலிருந்துதான் விலக்கு. 13ஆம் விதி அங்கேயும் உண்டு. தோண்டும் வேலை இருந்தால், தொடங்க 7 நாளுக்கு முன்பே தொழிலாளர் துறையின் மாகாண இயக்குநருக்கு ஒப்பந்தக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மூன்று வழிகள்

சரித்து வெட்டுவது, முட்டுக்கொடுப்பது, பெட்டி இறக்குவது. இவற்றில் ஒன்று கட்டாயம்.

சரித்து வெட்டுவதற்கு இடம் வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் உள்ள கோணங்கள் கைக்கணக்குக்கு உதவும்: இறுக்கமான களிக்கு 53 பாகை, நடுத்தர மண்ணுக்கு 45, மணலுக்கும் ஈர மண்ணுக்கும் 34. அடியில் 60 செ.மீ. அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளத்தை 45 பாகையில் வெட்டினால் மேலே 4.6 மீட்டர் அகலம் வேண்டும். 34 பாகை என்றால் 6.6 மீட்டர். டர்பனின் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஒட்டிக்கட்டிய வீடுகளுக்கு நடுவில் அந்த இடம் கிடையாது. கிடைக்கிற அளவுக்குச் சற்றே சரித்துவிட்டு ‘சரித்தாயிற்று’ என்று இறங்குவது, சரிக்காமல் இறங்குவதற்குச் சமம்.

அப்படியானால் முட்டு. பள்ளத்தின் இரு சுவரிலும் செங்குத்தாகப் பலகைகள், அவற்றின் மேல் படுக்கையாகத் தாங்கு கட்டைகள், இரு பக்கத்துத் தாங்கு கட்டைகளுக்கும் நடுவே குறுக்கு முட்டுகள். நம் மரக்கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 38 மி.மீ. கனமுள்ள பைன் பலகை. அது எந்த ஆழம் வரை தாங்கும், முட்டுகள் எத்தனை இடைவெளியில் வேண்டும் என்பதை இன்ஜினியர் கணக்கிட்டுத் தர வேண்டும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அதற்குப் போதாது. போடும்போது மேலிருந்து கீழாக, எடுக்கும்போது கீழிருந்து மேலாக. இந்த வரிசை மாறினால் முட்டுப் போடுகிறவர்தான் முதலில் அகப்படுவார். கழற்றும்போது கீழே மண் போட்டு இறுக்கிக்கொண்டே ஒவ்வொரு முட்டாக மேலே வர வேண்டும்.

இங்கே அடிக்கடி காண்பது, ஸ்லாபுக்கு அடியில் நிறுத்தும் அக்ரோ ப்ராப்பைப் படுக்கப்போட்டு இரு பக்கமும் தகரத் துண்டு வைத்து முறுக்கிவிடுவது. அந்த ப்ராப் நேர்நிமிர்ந்து நின்று மேல்சுமையைத் தாங்கச் செய்யப்பட்டது. படுத்த நிலையில் அது எவ்வளவு தாங்கும் என்று யாரும் கணக்கிடாதபோது அது முட்டு ஆகாது. தகரம் மண் உதிர்வதை மறைக்கும், நிறுத்தாது. மறைப்பதால் விரிசலும் கண்ணில் படாமல் போகிறது.

நீளமான குழாய் வேலைக்கு இரும்பு ட்ரெஞ்ச் பாக்ஸ், அதாவது பள்ளத்துக்குள் இறக்கிச் சுவரைத் தாங்க வைக்கும் பெட்டி, வாடகைக்கு எடுப்பதே நல்லது. ஆள் பெட்டிக்குள் மட்டும்தான் நிற்க வேண்டும். பெட்டியின் மேல்விளிம்பு சுற்றியுள்ள சரிவைவிட 45 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். அடியில் 60 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடக்கூடாது, அதுவும் முழு ஆழத்துக்கும் வடிவமைத்த பெட்டியாக இருந்தால். மண் தோண்டி வாரும் இயந்திரமான டி.எல்.பி. பெட்டியை நகர்த்தும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டித் தாங்கு சுவர் எழுப்பும் வேலையைத் தனியே சொல்ல வேண்டும். அதைப் பள்ளம் என்றே பலர் எண்ணுவதில்லை. ஒரு பக்கம் திறந்திருப்பதால் ஓடிவிடலாம் என்று நம்புகிறார்கள். 2024 மே மாதம் டர்பனுக்கு வடக்கே பலிட்டோவில் கட்டுமான இடத்து மண்கரை சரிந்து தொழிலாளர்கள் புதைந்து இறந்தது இப்படிப்பட்ட வெட்டில்தான். முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டித் திறக்காதீர்கள். இன்ஜினியர் தரும் வரைபடப்படி குறுகிய துண்டாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்றாகச் சுவரை எழுப்பி, அது பலம் பெற்ற பிறகு நடுத்துண்டைத் திறக்க வேண்டும். மேட்டின் தலையில் ஓடும் மழைநீரை வெட்டுக்கு வராமல் முதலிலேயே திருப்பிவிடுங்கள்.

விளிம்பு, ஏணி, காவல்

தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. குவியலின் எடை சுவரை அழுத்துகிறது. கல் உருண்டு கீழே இருப்பவரின் தலையில் விழுகிறது. விளிம்பில் விடும் விரிசலையும் குவியல் மறைத்துவிடுகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் தள்ளிக் கொட்டுங்கள். இடமே இல்லையென்றால் 1 மீட்டருக்குக் குறையாமல், அந்தச் சுமையையும் சேர்த்து முட்டுகளைக் கணக்கிட்ட பிறகு. கான்கிரீட் லாரி, டி.எல்.பி., செங்கல் அடுக்கு எதுவும் அந்த எல்லைக்குள் வரக்கூடாது. மண்ணை இடித்து இறுக்கும் மெஷின் விளிம்பில் ஓடும்போது பள்ளத்தில் ஆள் இருக்கக் கூடாது.

வேலை செய்கிறவரிடமிருந்து 6 மீட்டருக்குள் ஏணி இருக்க வேண்டும் என்கிறது விதி. ஏணி விளிம்புக்கு மேல் ஏறக்குறைய 1 மீட்டர் நீண்டு, கட்டப்பட்டு, முட்டுப் போட்ட பகுதிக்குள் நிற்க வேண்டும். பாதுகாப்பில்லாத பகுதியைக் கடந்து போய் ஏற வேண்டிய ஏணியால் பயனில்லை. பொதுமக்கள் நடக்கும் இடமென்றால் குறைந்தது 1 மீட்டர் உயரத் தடுப்பும் இரவில் விளக்கும் வேண்டும்.

தோண்டுமுன் மின்கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எங்கே போகின்றன என்று நகராட்சியிடம் கேட்டு, கையால் சிறு குழி வெட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்பைப் பள்ளத்துக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகை கீழேயே தங்கி மயக்கிக் கொல்லும்.

மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும். அவர் சிமென்ட் கலக்கவும் கூடாது, போன் பேசவும் கூடாது. மண்ணையும் கீழே இருப்பவரையும் பார்ப்பதே அவர் வேலை. நம் வேலையிடங்களில் தமிழ், ஆங்கிலம், ஸூலு மூன்றும் புழங்குவதால் எல்லோருக்கும் ஒரே கூப்பாட்டை முன்பே பேசி வையுங்கள். ஸூலுவில் ‘புமானி!’ என்றால் ‘எல்லோரும் வெளியே வாருங்கள்’. அந்தச் சொல் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஏற வேண்டும், காரணத்தை மேலே வந்து கேட்டுக்கொள்ளலாம்.

மேற்பார்வையாளர் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பும், மழைக்குப் பிறகும், எதிர்பாராமல் மண் விழுந்த பிறகும், முட்டு சேதமான பிறகும், வெடி வைத்த பிறகும் பள்ளத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மேலே நின்று எட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவது பார்வையாகாது. முதலில் விளிம்புக்கு இணையாக நிலத்தைப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரத்தில், புல்லுக்கு அடியில் தலைமுடி போல ஓடும். காலால் புல்லை விலக்கித் தேடுங்கள். கண்டால் அதன் இரு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஆட்களை ஏற்றிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பிறகு சுவரைப் பாருங்கள்: வயிறு தள்ளியிருக்கிறதா, அடியில் நீர் கசிகிறதா, நேற்று இல்லாத மண்துகள் தரையில் உதிர்ந்து கிடக்கிறதா. முட்டுகளை இறுக்கும் ஆப்புகளைச் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமாக ஒலிக்கும் ஆப்பு தளர்ந்திருக்கிறது.

அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே மழைக்காலம். நேற்று நின்ற சுவர் இன்றும் நிற்கும் என்பதற்கு அந்த மாதங்களில் எந்த உறுதியும் இல்லை. ‘அண்ணா, அஞ்சு நிமிஷ வேலைதான், இறங்கி அந்த ஜாயின்ட்டை மட்டும் மாட்டிட்டு வந்துடுறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது மறுக்க வேண்டியது மேலே நிற்பவரின் கடமை. முட்டுப் போட அரை நாள் ஆகும், வேலை அஞ்சு நிமிஷம் என்ற கணக்கில்தான் முட்டு விட்டுப்போகிறது.

சரிந்துவிட்டால்

முதல் சரிவுக்குப் பிறகு சுவர் இன்னும் செங்குத்தாக, அடியில் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. இரண்டாவது சரிவு வரும். காப்பாற்றக் குதிப்பவர் அதில்தான் புதைகிறார். நண்பன் கீழே இருக்கும்போது மேலே நிற்பது கொடுமைதான். ஆனாலும் முட்டு இல்லாத பள்ளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள்.

எல்லா மெஷினையும் வண்டியையும் நிறுத்துங்கள். தலை எண்ணுங்கள். 10177க்கோ, கைபேசியிலிருந்து 112க்கோ அழைத்து ‘பள்ளம் சரிந்து ஆள் புதைந்திருக்கிறார்’ என்று அதே சொற்களில் சொல்லுங்கள், எத்தனை பேர், எவ்வளவு ஆழம் என்றும். வெறும் ‘விபத்து’ என்றால் மீட்புக் கருவி இல்லாத ஆம்புலன்ஸ் மட்டும் வரும். அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்துக்கு நேரே அடையாளம் வையுங்கள். கடிகாரம் பார்த்து நேரத்தை எழுதுங்கள். கூட்டத்தை ஆழத்தின் அளவுக்காவது தள்ளி நிறுத்துங்கள். விளிம்பருகே போகவேண்டியவர் ப்ளைவுட் விரித்து அதன் மேல் நிற்கட்டும். உடைந்த குழாயை அடைத்துவிடுங்கள், நீரை இறைத்துக்கொண்டே இருங்கள்.

முட்டுப் போட்ட பகுதியிலிருந்து எட்டும் தூரத்தில் அவர் இருந்தால், முகத்தையும் பிறகு மார்பையும் கையால் விடுவியுங்கள். கடப்பாரை, மண்வெட்டி வேண்டாம், டி.எல்.பி. பக்கெட் வேண்டவே வேண்டாம். கயிறு கட்டி இழுக்காதீர்கள்: மண்ணின் பிடி அவ்வளவு பலமானது, முதுகெலும்பும் தோளும் போய்விடும். பேசிக்கொண்டே இருங்கள்.

தொடையோ காலோ வெகுநேரம் அழுந்தியிருந்தால் விடுவிக்கும் நொடியும் ஆபத்தானது. நசுங்கிய தசையில் சேர்ந்த பொட்டாசியமும் கழிவும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இந்த ஆபத்து கூடுகிறது. ஆகவே மருத்துவக் குழு வந்துவிட்டால், கடைசிச் சுமையை எடுக்குமுன் அவர்கள் சலைன் ஏற்ற இடம் கொடுங்கள். நீங்கள் எழுதிவைத்த நேரம் அப்போது அவர்களுக்குத் தேவைப்படும். மூச்சுக்கே தடையாக இருக்கும் மண்ணை மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் அகற்ற வேண்டும்.

எழுந்து நடந்து வந்தவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். விலா முறிவும் இடுப்பெலும்பு முறிவும் உள்ளே கசியும் ரத்தமும் முதல் மணியில் வெளியே தெரியாமல் இருக்கலாம். சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போனால், கால் மரத்துப்போனால், வீங்கி இறுகினால் உடனே திரும்ப ஓட வேண்டும். வீட்டாரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

உயிரிழப்போ பெரிய காயமோ நடந்த இடத்தை, ஆளை மீட்பதற்கு அவசியமானதைத் தவிர, தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டரின் அனுமதி இல்லாமல் கலைக்கக் கூடாது. பள்ளத்தை அவசரமாக மூடுவது குற்றம். 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, முதலாளி விபத்தை அறிந்த 7 நாளுக்குள் டபிள்யூ.சி.எல். 2 படிவத்தில் அறிவிக்க வேண்டும். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் 75 விழுக்காடு கிடைக்கும். முதல் 3 மாதம் அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. தினக்கூலி, எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதற்காக இந்த உரிமை போய்விடாது. முதலாளி அறிவிக்காமல் இழுத்தடித்தால் தொழிலாளியோ குடும்பமோ காலம் கடத்தாமல் தாங்களே கோரிக்கை வைக்க வேண்டும். அதற்கு மருத்துவரின் முதல் அறிக்கை, சம்பளம் வாங்கியதற்கு ஏதாவது ஒரு சான்று, உடன் வேலை செய்த இருவரின் பெயரும் போன் எண்ணும் முதல் நாளிலேயே கையில் இருக்கட்டும். ஒப்பந்த வேலை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.